கடலோரத்தில் வண்டியைப் போட்டுவிட்டு ஒரு கோடை முழுக்க இருக்க முடியுமா? (கொல்லங்கோடு – பூவார் பக்கம்)

விளவங்கோட்டான்:
எல்லோருக்கும் வணக்கம். நானும் மனைவியும் ஓய்வு பெற்றாயிற்று, வீடு மார்த்தாண்டம் பக்கம். கையில் ஒரு பழைய டிராவலர் வண்டி இருக்கிறது, உள்ளே கட்டில், சின்ன அடுப்படி, கழிப்பறை எல்லாம் வைத்துக் கட்டியது, ஆர்சி புத்தகத்திலும் மோட்டார் கேரவன் என்றே ஏறியிருக்கிறது (இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பத்துப் பேர் அதையே கேட்பீர்கள்). மூணாறு, வயநாடு என்று சுற்றியது போதும். இந்தக் கோடைக்கு ஏப்ரல் தொடங்கி மே கடைசி வரை ஒரே இடத்தில், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்க வேண்டும், தினமும் வண்டியைக் கிளப்பக் கூடாது, அவ்வளவுதான் ஆசை.

அமெரிக்காவில் இதற்கென்றே ஆர்வி பார்க் வைத்திருக்கிறார்களாம், மாத வாடகைக்கு இடம், கூடவே கரண்ட், தண்ணீர், கழிவுக் குழாய். நம் பக்கம் கடலோரத்தில் அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை. தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோப்பு கொல்லங்கோட்டுக்குத் தெற்கே, கடற்கரைக்குப் போகிற வழியில் இருக்கிறது, அங்கே போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். யாராவது இப்படி இருந்து பார்த்திருக்கிறீர்களா?

பொழிக்கரை:
அண்ணே, நான் பொழியூர்க்காரன். தோப்பு எந்த இடம் என்று தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது. கடலிலிருந்து எத்தனை தூரம்? கரையோரமாகவே போகிற ஏவிஎம் கால்வாய்க்கு உள்பக்கமா, கடல் பக்கமா?

கடல் பக்கம் என்றால் வேண்டாம். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இந்தப் பக்கம் எங்கள் ஊர் எல்லாமே வருஷா வருஷம் கடலுக்கு மண்ணைக் கொடுத்துக்கொண்டிருக்கிற கரை. தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பு) போட்ட இடத்தில் மணல் சேரும், அதற்கு அடுத்த இடத்தில் அரித்துக்கொண்டு போகும். போன வருஷம் பார்த்த கரை இந்த வருஷம் இருக்காது.

அப்புறம் கள்ளக்கடல். நீங்கள் கேட்கிற ஏப்ரல், மே மாதம்தான் அதற்கும் சீசன். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கேயோ புயல் அடித்து எழும் நீள அலை சில நாள் கழித்து இங்கே வந்து ஏறும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், தண்ணீர் மட்டும் ரோட்டுக்கு வந்துவிடும். 2024 மே 6-ம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தது அந்த மாதிரி எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்கூட்டியே அறிவிப்புப் போடுகிறது, அதைத் தினம் பார்க்கிற பழக்கம் இல்லாதவர் இந்தக் கரையில் தங்கக் கூடாது என்பேன்.

ரப்பர்பால்:
எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. ரெண்டு மாதம் அசையாமல் ஒரே இடத்தில் இருப்பதற்கு எதற்கு வண்டி? பூவாரிலோ தேங்காப்பட்டணத்திலோ ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே. கதவு இருக்கும், கிணறு இருக்கும், கழிப்பறையை யாரும் கையால் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள்.

நெய்யாற்றங்கரை சேச்சி:
ரப்பர்பால் தம்பி கேட்பது நியாயமான கேள்விதான், ஆனால் நான் அந்த வெளிநாட்டு ஆர்வி பார்க்கிலேயே ஒரு கோடை இருந்துவிட்டு வந்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

மகனுக்கு டெக்ஸாஸில் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒப்பந்த வேலை. ஒரு ஆலையில் சில மாதம், முடிந்ததும் அடுத்த ஊர். அதனால் வீடு எடுக்காமல் ஒரு இழுவை வண்டி வாங்கி, கார்பஸ் கிறிஸ்டிக்குப் பக்கத்தில் கடற்கழி ஓரத்தில் ஒரு பார்க்கில் போட்டிருந்தான். நானும் அவன் அப்பாவும் விசிட்டர் விசாவில் போய் அங்கேதான் தங்கினோம்.

போகும்போது நான் நினைத்தது ஏதோ உல்லாசப் பயணிகள் கூட்டம் என்று. அப்படி இல்லை. பாதிப் பேர் என் மகன் மாதிரி வேலைக்காரர்கள், விடியற்காலை நான்கு மணிக்குப் பிக்கப் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். மீதிப் பேர் வயதானவர்கள், வீட்டை விற்றுவிட்டு வண்டியே வீடு என்று ஆனவர்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இறங்கி வருகிற கூட்டம் தனி, அவர்கள் வெயில் ஏறுவதற்குள் திரும்பிப் போய்விடுவார்களாம். கோடையில் சனி ஞாயிறு மட்டும் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து இரைச்சல் போடும், திங்கள்கிழமை காலை பார்க் காலியாகிவிடும்.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கான்கிரீட் தரை, ஒரு கரண்ட் பெட்டி, ஒரு தண்ணீர்க் குழாய், தரையில் மூடி போட்ட ஒரு கழிவு ஓட்டை. மாதக் கணக்கில் இருந்தால் நாள் வாடகையை விட நன்றாகக் குறையும், ஆனால் கரண்ட் மீட்டர் போட்டுத் தனியாக வாங்குவார்கள், ஏசி இரவும் பகலும் ஓடுவதால் அந்தப் பில் சும்மா இருக்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. துணி துவைக்க பொது அறை, இருபத்தைந்து சென்ட் நாணயத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். மீன் அறுக்க வெளியே ஒரு நீள மேசை, பக்கத்திலேயே குழாய், அதுதான் எனக்குப் பிடித்த இடம். குடலைத் தூக்கிப் போட்டால் கூழைக்கடா வந்து கையிலிருந்தே பிடுங்கிக்கொள்ளப் பார்க்கும்.

மகன் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது கழிவுத் தொட்டி விஷயம். கழிப்பறைத் தொட்டி வேறு, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டி வேறு. குழாய் எப்போதும் மாட்டித்தானே இருக்கிறது, திறந்தே விட்டுவிடலாம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். திறந்து வைத்தால் நீர் மட்டும் ஓடிப் போய், கெட்டியானது உள்ளேயே குவிந்து இறுகிவிடும். மூடி வைத்து, முக்கால்வாசி நிறைந்ததும் கழிப்பறைத் தொட்டியை முதலில் திறந்து, அப்புறம் சோப்புத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் குழாயும் கழுவிக்கொள்ளும். கையுறை போட்டுக்கொண்டு இதைச் செய்கிறவர் யார் என்பதில்தான் தம்பதிகளுக்குள் முதல் சண்டை வரும்.

தம்பி, வீடு வாடகைக்கு எடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாயே. வண்டிக்குள் அத்தனை இடம் இல்லை, அதனால் சாயங்காலம் எல்லோரும் வெளியேதான் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே வீடுகள் இருக்கிற தெருவில் ஒரு மனித முகத்தைப் பார்க்க முடியாது. பார்க்கில் நான் நெத்திலி வறுத்தால் நாலு பேர் வந்து என்ன என்று கேட்பார்கள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

விளவங்கோட்டான்:
சேச்சி, ரொம்ப நன்றி. புயல் பயம் இல்லையா அங்கே?

நெய்யாற்றங்கரை சேச்சி:
இல்லாமல் என்ன. அங்கே ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் கரையேறியதே பக்கத்தில் ராக்போர்ட் என்ற ஊருக்கு அருகில்தான், பார்க்குக்குப் பார்க் அந்தக் கதைதான் சொல்வார்கள். காலி செய்யச் சொன்னால் வண்டியை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருக்க வேண்டும், டயரில் காற்று இருக்கிறதா என்று மகன் வாரா வாரம் பார்ப்பான்.

இன்னொன்று. அங்கே ஆபீஸில் உதவி செய்தால், புல் வெட்டினால் வாடகை வேண்டாம் என்று சில பார்க்குகளில் ஏற்பாடு உண்டு. பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நம் ஆட்களுக்கு இதில் ஆசை வரும், என் வீட்டுக்காரருக்கும் வந்தது. விசிட்டர் விசாவில் அது கூடாது. பணமாக வாங்காமல் இடமாக வாங்கினாலும் கூலி கூலிதான்.

வயர்மேன்230:
கரண்ட் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். கேட்க நன்றாக இருக்காது.

தோப்பில் மோட்டார் ஷெட் இருக்கும், அதிலிருந்து ஒரு வயரை இழுத்துக்கொள்ளலாம் என்றுதான் உங்கள் நண்பர் சொல்லியிருப்பார். தமிழ்நாட்டில் அது இலவச விவசாய இணைப்பு என்றால் அதில் வண்டியின் ஏசியை ஓட்டக் கூடாது. எந்த உபயோகத்துக்குக் கொடுத்தார்களோ அதற்கு இல்லாமல் வேறு எதற்கு எடுத்தாலும் 2003 மின்சாரச் சட்டம் 126-வது பிரிவில் வரும், மாட்டுவது தோப்புக்காரர். வீட்டு இணைப்பு பக்கத்தில் இருந்தால் அதிலிருந்து எடுங்கள், நடுவில் ஒரு மீட்டர் வைத்து யூனிட் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள்.

சேச்சி சொன்ன அமெரிக்கப் பெட்டியில் சின்னது 30 ஆம்பியர். அங்கே 120 வோல்ட், ஆக 3,600 வாட். நம் வீட்டு 16 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு ஏறக்குறைய அதே அளவுதான் வரும். அதனால் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம், ஒரு டன் ஏசியும் ஓடும், கூடவே இன்டக்ஷன் அடுப்பும் ஓடும், அதற்கு மேல் வெந்நீர் ஹீட்டரையும் போட்டால் ட்ரிப் ஆகும்.

வயர் 4 சதுர மில்லிமீட்டர் காப்பர், மூன்று கோர். சுருளாகச் சுற்றி வைத்துக்கொண்டு பாதியை மட்டும் இழுக்காதீர்கள், சுருள் சூடேறி உருகும், முழுக்கப் பிரித்துப் போடுங்கள். வண்டிக்குள் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம். இரும்பு உடம்பு, ரப்பர் டயர், எர்த் சரியில்லை என்றால் கதவுப் பிடியைத் தொடுகிறவருக்கு அடிக்கும். காய்ந்த மணலில் எர்த் கம்பி அடித்தால் பிடிக்காது, ஈரம் இருக்கிற ஆழம் வரை இறக்குங்கள். ஏப்ரல், மேயில் சாயங்கால இடி மின்னல் நம் பக்கம் கடுமை, மேகம் கறுத்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

தடா டோல்கேட்:
நான் வடக்கு எல்லை, சூளூர்பேட்டைக்காரன். எங்கள் பக்கம் பழவேற்காட்டு ஏரி, அதற்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா தீவு, கடல். கோடையில் வண்டியைக் கொண்டு இங்கே வர நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், வராதீர்கள். மே மாதம் மேல்காற்று அடித்தால் மத்தியானம் வரை கடல் காற்று உள்ளே ஏறாது, 40 டிகிரி தாண்டும், தகரப் பெட்டிக்குள் மனுஷன் இருக்க முடியாது. ஏரியும் வற்றிப்போய் வெறும் சேறும் உப்புமாகக் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை வேறு, விசைப்படகு போகாது, சந்தையில் மீன் விலை எகிறும். டிசம்பர், ஜனவரியில் வாருங்கள், பூநாரை பார்க்கலாம், ராக்கெட் விடுகிற தேதி பார்த்து வந்தால் அதுவும் ஆச்சு.

உங்கள் பக்கம் வெயில் பெரும்பாலும் 33, 34-க்கு மேல் போகாதே, அதற்கே ஏன் ஏசி?

பொழிக்கரை:
டோல்கேட் அண்ணே, ஒரு ராத்திரி இங்கே படுத்துப் பாருங்கள். வெயில் குறைவுதான், புழுக்கம் கொன்றுவிடும். ராத்திரியும் சூடு இறங்காது, பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

மீன் விஷயத்தில் எங்கள் பக்கம் கொஞ்சம் மெச்சம். மேற்குக் கரைக்குத் தடை ஜூன், ஜூலைதான், கேரளத்தில் டிராலிங் நிறுத்துவது ஜூன் 9 ராத்திரியிலிருந்து. அதனால் ஏப்ரல், மேயில் சாளை, அயிலை, கணவாய் எல்லாம் கிடைக்கும். காலையில் கரமடி வலையைக் கரையிலிருந்து இழுக்கிற இடத்தில் போய் நின்றால் துடிக்கிற மீனாகவே வாங்கலாம். மரச்சீனியும் சாளைக் கறியும் என்றால் நானே வண்டிக்கு வந்துவிடுவேன்.

ரப்பர்பால்:
இத்தனை பேர் இத்தனை எழுதியும் என் கேள்விக்குப் பதில் வரவில்லை, சேச்சி மட்டும் சொன்னார்கள், அதுவும் டெக்ஸாஸ் கதை. அங்கே பார்க்கில் நூறு வண்டி இருக்கும், அக்கம்பக்கம் இருக்கும். தோப்புக்குள் ஒற்றை வண்டியில் உட்கார்ந்திருப்பது வேறு. ஊர் என்ன சொல்லும்? கடலோர ஊர்களில் யார் வந்தார், யார் போனார் என்று தெரியாமல் ஒன்றும் நடக்காது.

பொழிக்கரை:
இது சரியான பேச்சு. விளவங்கோட்டு அண்ணே, தோப்புக்காரர் சம்மதித்தால் மட்டும் போதாது. கடலோர ஊரில் பங்குத்தந்தையிடமும் பங்குப் பேரவை ஆட்களிடமும் போய் இன்னார், இத்தனை நாள், இன்ன தோப்பில் இருக்கப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லி வைத்தால் நல்லது. அதைச் செய்துவிட்டால் அப்புறம் உங்கள் வண்டிக்கு ஊரே காவல். ஓகி புயலில் எத்தனை வீட்டில் ஆள் திரும்பி வரவில்லை என்று எங்கள் ஊர்களைக் கேட்டால் தெரியும், புதிதாக ஒருவர் வந்து கடலைப் பார்த்து அழகு அழகு என்று வீடியோ எடுத்தால் சிலருக்குக் கோபம் வரும், அதையும் புரிந்துகொள்ளுங்கள். கரையில் வலை காய்கிற இடம், வள்ளம் ஏற்றுகிற இடம், இதிலெல்லாம் வண்டியை விடவே கூடாது, அது வேலை செய்கிற இடம்.

கொதும்பு:
முக்கியமான ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். தென்னைக்குக் கீழே வண்டியை நிறுத்தப் போகிறீர்களா? தேங்காய் விழுந்தால் கூரை போச்சு, சோலார் தகடு வைத்திருந்தால் அதுவும் போச்சு. தேங்காய்கூடப் பரவாயில்லை, தேங்காய் வெட்டு முடிந்த கையோடு வந்தால் தப்பிக்கலாம். காய்ந்த மட்டையும் கொதும்பும் (பாளையின் உறை) எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது, ராத்திரி கூரையில் விழுந்தால் நெஞ்சு நின்றுவிடும். இரண்டு வரிசைக்கு நடுவில் வெட்டவெளியாகப் பார்த்து நிறுத்தி, நிழலுக்கு ஓலைப் பந்தல் போடுங்கள், வண்டிக்கும் பந்தலுக்கும் நடுவில் ஒரு முழம் காற்றோட்டம் இருந்தால் ஏசி பாதிதான் ஓடும்.

எலி. தோப்பு என்றால் எலி உண்டு. ஓடாத வண்டியின் இன்ஜினுக்குள் போய் வயரைக் கடிக்கும். பானெட்டைத் திறந்தே வைப்பவர்களும் உண்டு, நான் ராத்திரி கீழே ஒரு பல்பு எரிய விடுவேன். வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்துங்கள், டயருக்கு அடியில் பலகை, மணலில் புதைந்துவிடக் கூடாது.

உப்புக் காற்று பற்றிச் சொல்லவே வேண்டாம். கதவுக் கீல், பேட்டரி முனை, ஏசியின் வெளித் தகடு, சைலன்சர், இந்த வரிசையில்தான் போகும். நல்ல தண்ணீரால் அடிப்பக்கம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், மேலே மட்டும் பளபளவென்று வைத்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை.

விளவங்கோட்டான்:
நிறைய விஷயம் கிடைத்தது. தண்ணீர், கழிவு ரெண்டுக்கும் தோப்பில் என்ன செய்வது என்பதுதான் இன்னும் குழப்பம். தோப்பில் ஒரு கிணறு இருக்கிறது. எங்கள் வண்டியில் இருப்பது கேசட் கழிப்பறை, இழுத்து எடுக்கிற பெட்டி, ஏறக்குறைய இருபது லிட்டர்.

கொதும்பு:
கிணற்றுத் தண்ணீரை மெதுவாக எடுங்கள். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டுதான் இருக்கிறது. பெரிய மோட்டார் வைத்து ஒரேயடியாக இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும், ஒரு தடவை ஏறினால் அடுத்த மழை வரைக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் சேர்த்துக் கெடும். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் தொட்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். மே கடைசியில் உப்புக் கரிக்கத்தான் செய்யும், குடிக்க கேன் வாங்கிவிடுங்கள்.

குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீரைத் தென்னை மூட்டுக்கு விடலாம், தினம் ஒரு மரமாக மாற்றுங்கள். கேசட்டை மட்டும் தோப்பில் குழி தோண்டிக் கொட்டவே கூடாது. மணல் மண், எல்லாம் நேரே கிணற்றுக்குத்தான் போகும். ரெண்டு பேருக்கு ரெண்டு, மூன்று நாளில் நிறைந்துவிடும், தோப்புக்காரர் வீட்டுக் கழிப்பறையிலேயே ஊற்றிக் கழுவிக்கொள்ள அனுமதி வாங்குங்கள். அதற்கு அவர் முகம் சுளித்தால் வேறு தோப்பு பாருங்கள், உண்மையில் இது ஒன்றுதான் இடத்தைத் தீர்மானிக்கிறது. கடல் தெரிகிறதா என்பதெல்லாம் அப்புறம்.

வயர்மேன்230:
கடைசி வரி நூற்றுக்கு நூறு.

பாறசாலைப் பையன்:
கேரளத்தில் கேரவன் கேரளா என்று 2021-ல் திட்டம் அறிவித்து, 2022-ல் வாகமணில் முதல் பார்க் வந்ததே, அது மாதிரி பூவாரில் ஒன்று வந்தால் இந்தத் தலைவலியெல்லாம் இல்லை. சொந்தமாக நிலம் இருக்கிறவர் யோசிக்கலாம். ஆனால் கடலோரம் என்றால் சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) விதி வரும், கான்கிரீட் தரை, செப்டிக் டேங்க் எதையும் இஷ்டத்துக்குப் போட முடியாது. வாகமணில் மலையும் குளிரும் இருப்பதால் நாள் வாடகைக்கு ஆள் வரும், நம் கரையில் மாதக் கணக்கில் யார் வந்து இருப்பார் என்று தெரியாமல் யார் பணம் போடுவார்?

ரப்பர்பால்:
அப்படிக் கேளு. வருகிற ஒரே ஆள் விளவங்கோட்டார்தான்.

விளவங்கோட்டான்:
போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தோப்பு கால்வாய்க்கு உள்பக்கம்தான், கடலுக்கு நடந்து போகிற தூரம், ராத்திரி சத்தம் கேட்குமாம். தோப்புக்காரர் கேசட் விஷயத்துக்குத் தலையாட்டிவிட்டார், வீட்டுக்காரம்மாதான் கொஞ்சம் யோசித்தார், நானே ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி விடுகிறேன் என்றதும்...

கொதும்பு:
ப்ளீச்சிங் போடாதீர்கள்! செப்டிக் டேங்கில் இருக்கிற கிருமி செத்தால் டேங்க் வேலை செய்யாது. வெறும் தண்ணீர் போதும்.

விளவங்கோட்டான்:
சரி, வெறும் தண்ணீர். வாடகை வேண்டாம் என்றார், அது சரிப்படாது என்று மாதம் ஒரு தொகை பேசி முடித்தேன், கரண்டுக்கு மீட்டர் தனி. வண்டியை வெட்டு முடிந்த பிறகு உள்ளே விடுவது, மே 25-க்குள் வெளியே எடுத்துவிடுவது. ரப்பர்பால் தம்பிக்கு: அந்தக் கரையில் வீட்டு வாடகையும் விசாரித்தேன், பதினொரு மாத ஒப்பந்தம், அட்வான்ஸ் என்றார்கள். ரெண்டு மாதத்துக்கு யாரும் கொடுப்பதாக இல்லை. ஹோம்ஸ்டே என்றால் நாள் கணக்கு, அது என் பென்ஷனுக்குக் கட்டாது.

ரப்பர்பால்:
அப்படிச் சொல்லுங்கள், இப்போது கணக்குச் சரி. முதல் பதிவிலேயே இதை எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

பொழிக்கரை:
மே 25 என்று தேதியை நம்பாதீங்கண்ணே. பருவமழை வழக்கமாக ஜூன் 1-க்கு என்பார்கள், 2025-ல் மே 24-க்கே கேரளத்தில் தொடங்கிவிட்டது. மழை பிடித்துவிட்டால் தோப்புத் தரையிலிருந்து டிராவலரை எடுக்க ஜேசிபிதான் வர வேண்டும். மே பதினைந்திலிருந்தே வானிலை பார்த்துக்கொண்டிருங்கள், வண்டி முகம் ரோட்டைப் பார்த்து இருக்கும்படி நிறுத்துங்கள்.

நெய்யாற்றங்கரை சேச்சி:
விளவங்கோட்டு அண்ணே, இருந்து பார்த்துவிட்டுச் செலவுக் கணக்கோடு இங்கேயே எழுதுங்கள், என் வீட்டுக்காரர் இப்போதே டிராவலர் விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தக் கையுறை வேலை யாருக்கு என்று மட்டும் கிளம்புவதற்கு முன்னாலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

விளவங்கோட்டான்:
அது பேசியாச்சு சேச்சி. எனக்குத்தான்.